கவையும் எண்ணெயும்

பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலின் உமையம்மை ஓவியத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லி மாதங்கள் பல ஓடிவிட்டன. அந்தக் கட்டுரை இன்னும் முடியவில்லை. முடியாமைக்கு இராஜசிம்ம பல்லவர் காரணரல்லர். எங்கள் சோம்பலும் முழுக் காரணமன்று. விழுப்புரத்திலிருந்து பனமலைக்கு நாங்கள் ஏறிச்சென்ற மோட்டார் சைக்கிளின் முன்கவையில், ஊற்ற வேண்டிய அளவைவிடக் கூடுதலாக எண்ணெய் ஊற்றியிருந்தோம். ஊற்றியது நாங்களே, வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில். அதன் பயனாக, பின்னால் அமர்ந்து வந்த வரலாற்றுத்துறை நண்பருக்குக் காறையெலும்பு முறிந்தது. ஓவியத்தைத் தள்ளி வைத்துவிட்டு எண்ணெயின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது இப்படித்தான்.

முன்கவை என்ற சொல் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். முன்சக்கரத்தை இருபுறமும் பற்றிக்கொண்டு கைப்பிடி வரை எழும் இரட்டைக் கால்களையே இப்படிக் குறிப்பிடுகிறோம். பட்டறையில் இதற்குப் 'போர்க்' என்று பெயர். உள்ளே இருக்கும் பளபளப்பான குழல் 'போர்க் பைப்'. அதன்மேல் ஏறி இறங்கும் கீழ்க்குழல் 'பாட்டம்'. கவை என்பது கிளை பிரிந்து நிற்கும் எதையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஆடு மேய்ப்பவர் கையிலுள்ள கவைக்கோலும் சிறுவர் கையிலுள்ள கவட்டையும் அதன் உறவினர்கள். தமிழ் கற்பித்துப் பிழைப்பவர்களுக்கு இந்தச் சலுகையை வாசகர்கள் தரவேண்டும். கடைக்குப் போய் முன்கவை என்று கேட்டால் ஒருவரும் எடுத்துத் தரமாட்டார் என்பது எங்களுக்கும் தெரியும்.

சாலையின் மேடுபள்ளம் பற்றிய கவலை இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்ட கிடங்கால்தான், சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் ஊர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் தம் பாணனை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று வழிசொல்லி அங்கே அனுப்பி வைக்கிறார். எயிற்பட்டினத்தை மரக்காணத்தை ஒட்டிய பகுதியாகக் கொள்வது வழக்கம். அந்த நூலிலேயே உமணர்கள் வருகிறார்கள்; உப்பு வண்டியோடு போகும் அவர்கள் வளர்த்த மந்தி, அவர்களுடைய பிள்ளைகளோடு விளையாடுகிறது. மரக்காணத்து உப்பளங்கள் இன்றும் இருக்கின்றன. மரக்காணம் - திண்டிவனம் சாலையில் உப்பு லாரிக்குப் பின்னால் போக நேரும்போதெல்லாம் எங்களுக்கு அந்த மந்தி நினைவுக்கு வரும்.

உமணர் வண்டியைப் பற்றி இன்னும் நுட்பமான செய்தி புறநானூற்றின் 102-ஆம் பாடலில் இருக்கிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், அவனை உமணர்கள் வண்டியின் அடியில் கட்டி எடுத்துச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்கும், எந்த மேட்டில் ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகவே ஓர் உபரி அச்சு. வகுப்பில் இந்தப் பாடலை நடத்தும்போது உவமையின் அழகைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவோம். விழுந்து எழுந்த பிறகுதான் மற்றொன்று கண்ணில் பட்டது. அந்த வண்டியில் வில் இல்லை. பள்ளத்தின் அடி முழுவதும் நேராக அச்சுக்குப் போகிறது, அச்சு முறிகிறது, மாற்று அச்சு பூட்டப்படுகிறது. முறிந்த பின் என்ன செய்வது என்ற ஏற்பாடு இருக்கிறது. அடியை வழியிலேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை.

அந்த ஏற்பாடு வில்வண்டியோடு நம் ஊர்களுக்கு வந்தது. எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்துக் கட்டிய அமைப்பைக் கண்டவுடன் நம்மவர்கள் அதை வில் என்றே அழைத்தார்கள். (ஆங்கிலத்தில் எழுதும்போது விழுப்புரம் 'வில்லுப்புரம்' ஆகிவிடுவதால், வெளியூர் நண்பர் ஒருவர் இது வில் செய்த ஊரா என்று கேட்டதுண்டு. இல்லை.) பட்டை வில்லில் ஒரு நல்ல குணம் உண்டு. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால், பள்ளத்தில் விழுந்த வண்டி நாலைந்து முறை ஆடாமல் விரைவில் அடங்கிவிடும். சுருள்வில்லுக்கு இந்தக் குணம் கிடையாது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் துள்ளும், துள்ளிய வேகத்தில் மறுபடி அமுங்கும். மோட்டார் சைக்கிள் முன்கவையின் வரலாற்றை நாங்கள் படித்தவரையில், வில்லைக் கண்டுபிடித்த கதை அதில் சிறு பகுதிதான். பெரும்பகுதி, துள்ளும் வில்லை எப்படி அடக்குவது என்ற கதை.

ஒன்றினுள் ஒன்று நுழையும் குழல்களைக் கொண்ட கவை மிகப் பழையது. ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் 1908-இல் வெளியிட்ட வண்டியிலேயே அது இருந்தது. அடக்கும் ஏற்பாடு இல்லாததாலோ என்னவோ, மற்றவர்கள் அதைப் பின்பற்றவில்லை. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான வண்டிகளில் இருந்தது 'கர்டர்' வகைக் கவை. பாலத்துச் சட்டகம் போன்ற இரும்புக் கால்கள், நடுவில் ஒரு சுருள்வில், ஆட்டத்தை அடக்க உராய்வுத் தட்டுகள். அந்தத் தட்டுகளை இறுக்கவும் தளர்த்தவும் கையால் திருகும் குமிழ் ஒன்று இருக்கும். கல்சாலை என்றால் தளர்த்து, நல்ல சாலை என்றால் இறுக்கு. ஓட்டுபவரே தம் கவையைத் தாமே சரிசெய்துகொள்ளும் வழக்கம் அந்தக் குமிழோடு தொடங்கிவிட்டது. வில்வண்டியின் பட்டை உராய்வு இங்கே குமிழ் வைத்த உராய்வாயிற்று என்றும் சொல்லலாம்.

உராய்வின் இடத்துக்கு எண்ணெய் வந்தது 1935-இல். ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆர்12, ஆர்17 என்னும் வண்டிகளில் எண்ணெயால் ஆட்டமடக்கும் குழல்கவையைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது. அதன் தத்துவம் எளிது. குழலுக்குள் சுருள்வில்லும் எண்ணெயும் இருக்கின்றன. சக்கரம் மேட்டில் ஏறும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு ஒரு பக்கம் போகிறது. இறங்கும்போது மறுபடி நெருக்கிக்கொண்டு திரும்புகிறது. துளை சிறிது, எண்ணெய் பிசுக்கு, ஆகவே தாமதம். பள்ளத்தில் விழுந்த விசை அந்தத் தாமதத்தில் வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது வில். வில்லின் துள்ளலைத் தாங்குவது எண்ணெய். இந்த வேறுபாடு எங்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்திருக்கவில்லை. எண்ணெய்தான் பாரத்தைத் தாங்குகிறது என்று நினைத்தோம்.

இரண்டாம் உலகப் போர் இந்தக் கதையை விரைவுபடுத்தியது. பிரிட்டிஷ் படைக்காக மாட்ச்லெஸ் நிறுவனம் செய்த வண்டிக்கு 1941-இல் எண்ணெய்க் குழல்கவை கிடைத்தது. அதே போரில், ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் வான்குடையில் கட்டி இறக்கத்தக்க 125 சிசி சிறுவண்டி ஒன்றைச் செய்தது. 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்று செல்லப்பெயர். அதன் முன்கவையில் எண்ணெயும் இல்லை, எஃகு வில்லும் இல்லை. இரப்பர் வளையங்களே தாங்கின. போர் முடிந்ததும் ராயல் என்ஃபீல்டின் பெரிய வண்டிகள் எண்ணெய்க் கவைக்கு மாறின. 1948-இல் சோதனைப் போட்டிகளில் ஓடி, 1949-இல் விற்பனைக்கு வந்த 350 சிசி புல்லட்டில், முன்னே எண்ணெய்க் கவையும் பின்னே அசையும் சட்டகமும் சேர்ந்து இருந்தன. பின்சக்கரம் இறுகப் பூட்டிய வண்டிகளே மிகுந்திருந்த காலத்தில் அது பெரிய மாற்றம்.

அந்த வண்டி நம் கரைக்கு வந்த கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1950களின் தொடக்கத்தில் இந்தியப் படை எல்லைக் காவலுக்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டி வண்டியாக்கினார்கள். 1957-இல் வார்ப்பு, கடைசல் கருவிகள் வந்து சேர்ந்தன. 1962 அளவில் எல்லா உறுப்புகளும் இங்கேயே செய்யப்பட்டன. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. பிரிட்டனில் எஞ்சியிருந்த உற்பத்தியும் 1970-இல் நின்றது. திருவொற்றியூர் நிற்கவில்லை. தாய்வீடு இடிந்த பிறகும் மகள் வீட்டில் அதே சமையல் நடந்துகொண்டிருந்தது. 1977-இல் புல்லட்டுகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின.

எங்களுக்கு இங்கே முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரே அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாமல் செய்யப்பட்டதால், அதைப் பழுதுபார்க்கும் அறிவு ஊருக்கு ஊர் பட்டறைகளில் படிந்துபோயிற்று. சென்னை ஜி.பி. ரோட்டில் உறுப்பு வாங்கி, புதுப்பேட்டையில் பழையதைத் தேடி, செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளில் கைமாறிய அறிவு அது. மைசூரில் 1961 முதல் உருவான ஜாவாவுக்கும் இப்படி ஒரு மரபு உண்டு. பால்காரர்களின் ராஜ்தூத்துக்கும் உண்டு. அதன் முன்கவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. குழல் நீண்டு சுருங்காமல், சக்கரத்தைத் தாங்கும் கை ஒன்று மேலும் கீழும் அசையும். 1984, 85-இல் ஜப்பானியக் கூட்டுறவில் 100 சிசி வண்டிகள் வந்தபோது இந்த மரபுகள் மங்கத் தொடங்கின. அந்த வண்டிகளுக்கு அடிக்கடி பட்டறை தேவைப்படவில்லை என்பதே காரணம். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

எங்கள் அப்பாவின் புல்லட் 1979-இல் வாங்கியது. அப்போது மாவட்டம் தென்னாற்காடு. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல். அப்பா அந்த வண்டியில் போகாத ஊர் இல்லை. செலவுக் கணக்கை எழுதி வைப்பதில் அவர் மிகுந்த கட்டுப்பாடு உடையவர். நீளமான கணக்கு நோட்டு மூன்று. பெட்ரோல், டியூப், சங்கிலி, எல்லாம் தேதியோடு. முன் போர்க்குக்கு எண்ணெய் மாற்றிய குறிப்பு மட்டும் ஏழெட்டு இடங்களில் இருக்கிறது. என்ன விலை என்று எழுதியிருக்கிறார். எவ்வளவு ஊற்றினார்கள், எந்த எண்ணெய் என்று எழுதவில்லை. அது பட்டறைக்காரருக்குத் தெரிந்த விஷயம். அப்பா அதை எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் மறைந்த பிறகு வண்டி சில ஆண்டுகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கோயில் கல்வெட்டு என்று நாங்கள் மூவர் ஊர் சுற்றத் தொடங்கியபோதுதான் அதை மறுபடி கிளப்பினோம்.

மண்டகப்பட்டுக்கு இரண்டு முறை போய் வந்ததும் முன்கவையில் எண்ணெய் கசிவதைப் பார்த்தோம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மகேந்திரவர்மன் எடுத்த கோயிலுக்கு, உலோகமே உருவான வண்டியில் போய்த் திரும்பும் வழியில் உலோகம் பழிவாங்கிவிட்டது என்று நூலகர் நண்பர் வேடிக்கை பேசினார். மேலே உள்ள திருகுகளைக் கழற்றி, வீட்டிலிருந்த எஞ்சின் எண்ணெயை இரு கால்களிலும் ஊற்றினோம். பழையதை வடிக்கவில்லை. அளக்கவில்லை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் ஊற்றினோம். முன்பக்கம் கல்லைப்போல் இறுகிற்று. வண்டி இப்போது சாலையை நன்றாகப் பிடிக்கிறது என்று மகிழ்ந்தோம்.

பனமலை ஏரிக்கரை வளைவில், மழை பெய்து ஓய்ந்திருந்த மாலையில், குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி வந்தது. முன்தடையை அழுத்தினோம். பிடிக்கவில்லை. அழுத்தம் தாங்காமல் ஆயில் சீல் கிழிந்து, எண்ணெய் கால்வழியே இறங்கித் தடைக்குள் புகுந்திருந்தது. ஆட்டுக்குட்டி தப்பியது. எங்களுக்கு முழங்கைத் தோல் போயிற்று. பின்னால் இருந்த நண்பர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அரசு மருத்துவமனையில் காறையெலும்பு என்றார்கள். ஆறு வாரம் கையைத் தூக்குத்துணியில் போட்டுக்கொண்டு அவர் வகுப்புக்கு வந்தார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்தியது.

அப்பாவின் நோட்டில் திண்டிவனத்துப் பட்டறை ஒன்றின் பெயர் அடிக்கடி வரும். விசாரித்துப் போனோம். பட்டறை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. நடத்தியவர் மரக்காணம் சாலைப் பக்கம் மகன் வீட்டில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், கைகளில் நடுக்கம். நாங்கள் அவரைப் பாய் என்றே அழைத்தோம், அப்பா அழைத்தது போலவே. வண்டி எண்ணைச் சொன்னதும், "ஐயா வண்டியா?" என்றார். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னா சார், சோத்துக்குக் கொழம்பு ஊத்துற மாதிரி ஊத்திட்டீங்களா? காத்துக்கு எடம் வுடணும் சார்."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் பிழை முழுவதும் இருந்தது. கவைக்குள் எண்ணெய்க்கு மேலே ஒரு வெற்றிடம் இருக்கிறது, அதில் காற்று. கால் அமுங்கும்போது அந்தக் காற்றும் அமுங்குகிறது, அதுவும் ஒரு வில்லாக வேலை செய்கிறது. எண்ணெய் மிகுந்தால் காற்றின் இடம் சுருங்குகிறது. சிறிய இடத்தில் அமுக்கிய காற்றின் அழுத்தம் பன்மடங்காக ஏறுகிறது; கவை பாதி வழியில் நின்றுவிடுகிறது; போக வழியில்லாத அழுத்தம் சீலைக் கிழிக்கிறது. எண்ணெய் குறைந்தாலோ ஆட்டம் அடங்காமல் அடித்தட்டில் மோதும். மிகத் தடித்த எண்ணெய் ஊற்றினால், ஒரு பள்ளத்திலிருந்து கால் நீள்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். அப்படியே படிப்படியாக அமுங்கிக் கிடக்கும். அக்காலப் பிரிட்டன் வண்டிகளின் கையேடுகள் கவைக்கு மெல்லிய எஞ்சின் எண்ணெயைத்தான் சொல்லின. நாங்கள் ஊற்றியதும் எஞ்சின் எண்ணெய்தான், மெல்லியது அன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாய் பேருந்தில் விழுப்புரம் வந்தார். தம் கை சொன்னபடி கேட்பதில்லை என்பதால் திருகு முடுக்கியைத் தொடமாட்டேன் என்றார். வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து எங்களைச் செய்ய வைத்தார். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினோம். எதையும் கழற்றுவதற்கு முன், கால்கள் இரண்டையும் கீழ்ப்பக்கம் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். மெல்லிய 'டக்' ஒன்று கையில் பட்டது. "இது போர்க் இல்ல சார், கோன்செட்டு" என்றார். கைப்பிடித் தண்டு சுழலும் இடத்திலுள்ள குண்டுகளின் தளர்ச்சி அது. கவையில் குறை என்று நினைத்து எண்ணெய் மாற்றுபவர்களில் பாதிப்பேர் கோன்செட்டைப் பார்ப்பதே இல்லை என்பது அவருடைய மனக்குறை. ஆட்டம் தீரும் வரை முடுக்க வேண்டும். ஆனால் விரலால் தட்டினால் கைப்பிடி தானே இருபுறமும் விழ வேண்டும். அதற்குமேல் ஒரு சிட்டிகை முடுக்கினாலும் வண்டி நேராக ஓடாது.

பிறகு சக்கரத்தைக் கழற்றி, கால்களை இறக்கி, எண்ணெயை வடித்தோம். பழைய வெண்கலப் பாத்திரம் கழுவிய நீர்போல, இரும்புப் பொடி மின்னும் சாம்பல் நிறம். ஒரு காலில் வந்ததற்கும் மறு காலில் வந்ததற்கும் அளவில் பெரிய வேறுபாடு. உட்குழல்களைத் துடைத்து, மேசைக் கண்ணாடியின்மேல் உருட்டச் சொன்னார். குழலுக்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது என்று பொருள். நல்லவேளையாகத் தெரியவில்லை. வளைந்த குழலை நிமிர்த்தி ஓட்டலாமா என்று கேட்டதற்கு, ஓட்டலாம், யார் பின்னால் உட்காருவார் என்று கேட்டார்.

புதுச் சீல்களைப் பொருத்தும்போது ஒரு வேலை செய்தார்; எந்தக் கையேட்டிலும் நாங்கள் அதைப் பார்த்ததில்லை. உட்குழலின் மேல்முனையில் மரை இருக்கிறது. சீலின் மெல்லிய உதடு அந்த மரையில் உரசினால் முதல் நாளே கிழிந்துவிடும். காலையில் வாங்கிய பால் உறையைக் கழுவித் துடைத்து, மரையைச் சுற்றி இறுகப் போர்த்தி, எண்ணெய் தடவி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்கச் செய்தார். நாற்பது ஆண்டுப் பட்டறை வாழ்க்கையில் பால் உறை வருவதற்கு முன் என்ன பயன்படுத்தினீர்கள் என்று கேட்டோம். "வாழ எல சருகு" என்றார்.

எண்ணெய் ஊற்றுவதற்கு மருந்துக்கடையில் பெரிய ஊசிக்குழல் வாங்கி வைத்திருந்தோம். பாய்க்கு மில்லி லிட்டர் கணக்கு இல்லை. அவர் கணக்கு தேநீர்க் குவளையில். அவர் குவளையால் ஊற்றச் சொன்னதை நாங்கள் ஊசிக்குழலால் அளந்து, கையேட்டு அளவோடு ஒப்பிட்டோம். மிக நெருங்கி வந்தது. அந்த எண்ணை இங்கே தரப்போவதில்லை. வண்டிக்கு வண்டி, ஆண்டுக்கு ஆண்டு கவை வேறுபடும். அவரவர் கையேட்டைப் பார்ப்பதே பாதுகாப்பு. இரு கால்களிலும் ஒரே அளவு என்பது மட்டும் எல்லா வண்டிக்கும் பொது. பல வண்டிகளில் மேல்மூடிக்கு அடியில் வில் இறுக்கமாகக் காத்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முகத்தை விலக்கிக்கொண்டு, உள்ளங்கையால் அழுத்தியபடி மெல்லக் கழற்ற வேண்டும்.

பூட்டும்போதும் வரிசை உண்டு. அச்சைச் செருகி, கீழ்ப்பிடிகளை இறுக்காமல் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்தடையைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை முன்பக்கத்தை அமுக்கி எடுக்க வேண்டும். அப்போது கால்கள் இரண்டும் தமக்குள் இணையாக வந்து நிற்கும். அதன் பிறகே பிடிகளைக் கீழிருந்து மேலாக இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கிவிட்டால், கோணிய நிலையிலேயே கால்கள் கட்டுண்டு, குழல் குழலோடு உரசிக்கொண்டு கிடக்கும். எவ்வளவு நல்ல எண்ணெய் ஊற்றினாலும் பயன் இல்லை.

கடைசியாகச் சாக்கட்டி கேட்டார். கல்லூரி ஆசிரியர் வீட்டில் அதற்குப் பஞ்சம் இல்லை. முன்சக்கரம் தொங்கும்போது மேல் உறையின் விளிம்பு கீழ்க்குழலில் எங்கே நிற்கிறது என்று ஒரு கோடு. வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது ஒரு கோடு. எங்களை ஏறி உட்காரச் சொல்லி, நூலகரைக் கொண்டு மூன்றாவது கோடு. முதல் கோட்டிலிருந்து மூன்றாம் கோடு வரை உள்ள தூரம், கவையின் மொத்த ஓட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தால் சரி. குறைந்தால் வில் மிகக் கடினம். கூடினால் வில் தளர்ந்துவிட்டது. இன்றைய பந்தய வண்டிக்காரர்களும் இதையேதான் அளக்கிறார்கள்; முன்கூட்டிய அமுக்கத்தை மாற்ற அவர்களுக்குத் தனித் திருகு இருக்கிறது. அப்பாவின் வண்டியில் அந்தத் திருகு இல்லை. வில், எண்ணெயின் தடிப்பு, எண்ணெயின் அளவு என்ற மூன்றே வழிகள். எங்கள் கோடு மூன்றில் ஒன்றுக்குச் சற்றே கூடுதலாக வந்தது. "ஐயாவ விட நீங்க கொஞ்சம் வெயிட்டு" என்றார் பாய்.

மதியம் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பேருந்து நிலையம் போனோம். தெருமுனை வேகத்தடையில் வண்டி ஒருமுறை அமுங்கி, ஒருமுறை எழுந்து, நின்றுவிட்டது. முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கூலி வாங்கவில்லை, பேருந்துக் கட்டணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார். வழியில் புது வண்டிகளைப் பற்றிக் கேட்டோம். ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்ததை அவர் அறிவார். அந்த வண்டிகளின் கவையைத் தாம் பிரித்ததில்லை, பிரிக்க யாரும் கொண்டு வந்ததும் இல்லை என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. பட்டறைப் பையன்களில் யாராவது பால் உறை வேலையை இப்போது செய்கிறார்களா என்று கேட்டபோதுதான் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அன்று இரவு அப்பாவின் மூன்றாவது நோட்டை எடுத்தோம். அவருடைய கடைசிக் குறிப்புக்குக் கீழே தேதியிட்டு, எண்ணெயின் வகை, வலக்கால் அளவு, இடக்கால் அளவு, மூன்று கோடுகளுக்கும் இடையிலான தூரம், பூட்டிய வரிசை என எல்லாவற்றையும் எழுதினோம். குவளைக் கணக்கையும் எழுதினோம். விலை எழுத மறந்துவிட்டது.

நண்பருக்கு எலும்பு கூடிவிட்டது. பனமலை ஓவியத்தை நல்ல வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்தால்தான் அந்தக் கட்டுரையை எழுத முடியும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.